10,000 அடி நடக்காவிட்டால் மனசு உறுத்துது, என்ன செய்ய?

காட்பாடி வாசி: தினம் 10,000 அடி என்று நாமே போட்டுக்கொண்ட கணக்கு. வேலூர் வெயிலில் பாதிகூடத் தேறுவதில்லை. இந்தக் குற்ற உணர்ச்சியை விடுவது எப்படி?

கோட்டைவாசல்: முதலில் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பாருங்க. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரே ‘பத்தாயிரம் அடி மீட்டர்’. வியாபாரப் பெயருங்க, மருத்துவர் சீட்டு இல்லை! உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு. அரை மணி வீதம் ஐந்து நாள். இரண்டு நாள் விட்டாலும் கணக்கு இடிக்காது.

சத்துவாச்சாரி: விட்டதை மறுநாள் சேர்த்து 20,000 நடக்காதீங்க. முட்டி பிடிச்சுக்கும், அப்புறம் மொத்தமும் நின்னுடும். மே மாதம் விடிகாலை 15 நிமிடம், பொழுது சாய்ந்து 15 நிமிடம் போதும்.

கோட்டைவாசல்: வாட்ச் அறிவிப்பையும் அணைச்சிடுங்க. பாதி உறுத்தல் அதுல இருந்துதான்.