பிறர் மெஷினை நம் ஷெட்டில் ஓட்டுவது: மைனிங் ஹோஸ்டிங் அனுபவங்கள்

பல்லடத்திலிருந்து:

மைனிங் ஹோஸ்டிங், அதாவது பிட்காயின் ஈட்டுவதற்காகவே ராத்திரி பகல் கணக்குப் போடுகிற பிறரின் மெஷின்களை நம் இடத்தில் வைத்துக் காசுக்கு ஓட்டித் தருவது, போடலாமா என்று மாதம் ஒருவராவது எனக்குப் போன் செய்கிறார்கள், ஒவ்வொருவரிடமும் முக்கால் மணி நேரம் பேசுவதற்குப் பதில் நடந்ததை மொத்தமாக எழுதிவிடுகிறேன். நான் எலக்ட்ரிக்கல் காண்ட்ராக்டர். 2021 கடைசியில் என் மாமாவின் தறிக்குடோன் காலியாகக் கிடந்தது, தறிகளை எடைக்குப் போட்டுவிட்டார். அந்த வருஷம் மே, ஜூனில் சீனா மைனிங்கைத் தடுத்ததும் அங்கிருந்த மெஷின்கள் உலகம் முழுக்கக் கிளம்பின, நவம்பரில் பிட்காயின் 69,000 டாலர் வரை போனது. எனக்குத் தெரிந்தவர்களே ஆளுக்கு ஒன்றிரண்டு மெஷின் வாங்கிவிட்டு எங்கே வைப்பதென்று முழித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் வைக்கவே முடியாது. ஆன்ட்மைனர் எஸ்19 என்ற மைனிங் மெஷின் ஒன்று 3,250 வாட் இழுக்கும், சத்தம் 75 டெசிபல், இரண்டு சேர்ந்து ஓடினால் பக்கத்தில் நிற்பவரின் காதில் கத்தித்தான் பேச வேண்டும். சரி, இடம் இருக்கிறது, வயரிங் நம் தொழில், மெஷின் அவர்களுடையது, மாசம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு ஓட்டிக் கொடுக்கலாம் என்று முப்பது மெஷினுக்குப் பிளான் போட்டேன். பதினொன்றுதான் வந்தது.

முதல் விஷயம் கரண்ட் சர்வீஸ். குடோனில் இருந்தது விசைத்தறிக்கான சர்வீஸ், சலுகைக் கட்டணம். அதிலேயே ஓட்டிவிடலாம், யார் பார்க்கப் போகிறார்கள் என்று சொன்னவர்கள் உண்டு. ஒரு வேலைக்கு வாங்கிய சர்வீஸை வேறு வேலைக்குப் பயன்படுத்தினால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் இரட்டைக் கட்டணம் போட்டு வசூலிப்பார்கள், அதுவும் பின்தேதியிட்டு. வாடிக்கையாளர் மெஷின் உள்ளே இருக்கும்போது சர்வீஸைத் துண்டித்துவிட்டால் அவருக்கு என்ன பதில் சொல்வது? வணிகக் கட்டணத்துக்கே மாற்றிக்கொண்டேன், அப்போது யூனிட் 8 ரூபாய் 5 பைசா, மேலே 5 சதவீத மின்வரி. அப்போது நம் ஊரில் எல்டி (குறைந்த அழுத்த) சர்வீஸ் 112 கிலோவாட்டோடு முடிந்துவிடும், அதற்கு மேல் ஹெச்டி (உயர் அழுத்தம்), தனி டிரான்ஸ்பார்மர். முப்பது மெஷினுக்கு 97.5 கிலோவாட், ஃபேன், பம்ப் எல்லாம் சேர்த்தால் எல்லைக்குள் நிற்கும். முப்பது என்ற எண்ணே அப்படி வந்ததுதான்.

அடுத்தது சூடு. இழுக்கிற கரண்ட் அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும், இதைப் பலர் நம்பவே மாட்டேன் என்கிறார்கள். 97.5 கிலோவாட் சூட்டை ஏசி போட்டு இறக்க 28 டன் ஏசி வேண்டும், அந்தக் கரண்ட் பில்லிலேயே தொழில் முடிந்துவிடும். ஒரு மெஷினின் சூட்டை வெளியேற்ற, உள்ளே போகிற காற்றைவிட வெளியே வருகிற காற்று 15 டிகிரி கூடுதலாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், நிமிடத்துக்குச் சுமார் 380 கன அடி காற்று வேண்டும். முப்பதுக்கு 11,400. இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு நான் நேராகப் போனது எங்கள் பக்கத்துக் கோழிப்பண்ணைக்கு. மூடின ஷெட், ஒரு சுவர் முழுக்கத் தண்ணீர் இறங்குகிற கூலிங் பேட், எதிர்ச் சுவரில் ஐம்பது அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன். கோழிக்கு எது வேண்டுமோ அதேதான் மெஷினுக்கும் வேண்டும். அந்தப் பண்ணைக்கு வேலை செய்த ஃபிட்டரையே கூட்டி வந்தேன். மெஷின்களை ஒரே வரிசையாக அடுக்கி, நடுவில் ஜிப்சம் போர்டு தடுப்பு வைத்து, முன்பக்கம் குளிர்ந்த காற்று, பின்பக்கம் சூடு, இரண்டும் கலக்கவே கூடாது என்று சந்துபொந்தெல்லாம் ஃபோம் வைத்து அடைத்தோம். ஏப்ரல், மே வெயிலில் வெளியே 39 டிகிரி இருந்தபோது பேடுக்குப் பின்னால் 29, 30தான். ஷெட் கட்டுகிறவர்கள் இந்த ஒன்றிலாவது கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

நான் கோட்டை விட்டது பஞ்சில். பக்கத்துக் குடோனில் தறி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது மாதம் ஒரு மெஷின் அடிக்கடி சூடேறி நின்றது, கழற்றி முன் ஃபேனை எடுத்துப் பார்த்தால் அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் பஞ்சு படிந்து, நசநசப்பில் ஊறி, கம்பளித் துணி மாதிரி ஒரே விரிப்பாக ஒட்டியிருந்தது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பினால் முழுசாக உரிந்து வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன், ஏனென்றால் அந்த மெஷின் என்னுடையது இல்லை. ஒரு பள்ளிக்கூட வாத்தியார் நகைக்கடன் வாங்கி வாங்கினது. அன்றைக்கே பேடுக்கு வெளியே கொசுவலை மாதிரி ஃபில்டர் கட்டி, வாரம் ஒரு நாள் புளோயர் அடிக்க ஆள் போட்டேன்.

வயரிங் என் தொழில் என்றேன், அதிலும் ஒரு தப்பு செய்தேன், சொல்லிவிடுகிறேன். எஸ்19க்கு இரண்டு பவர் கார்டு, மொத்தம் 14 ஆம்பியர், ராத்திரி பகல் நிற்காமல். வீட்டு 16 ஆம்பியர் சாக்கெட் கொஞ்ச நேரம் ஓடி நிற்கிற கீசருக்குச் சரி. அவசரத்துக்கு இரண்டு மெஷினை அப்படிக் கொடுத்திருந்தேன், மூன்றாவது வாரம் வாடை வந்தது, பிளக்கின் பின் பழுப்பேறி பிளாஸ்டிக் இளகியிருந்தது. அப்புறம் எல்லாவற்றுக்கும் 32 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் சாக்கெட், தனித்தனி எம்சிபி, கார்டு ஒவ்வொன்றுக்கும் தனி வழி.

இப்போது பணம். ஒரு மெஷின் நாளைக்கு 78 யூனிட். மின்வரி, ஃபேன், பம்ப், வாடகை, இரண்டு இன்டர்நெட் லைன், வாட்ச்மேன் எல்லாம் கூட்டினால் யூனிட்டுக்கு 11 ரூபாய் வாங்கினால்தான் எனக்குக் கையைக் கடிக்காது, அதாவது நாளைக்கு 858 ரூபாய். நான் பிளான் போட்ட நாளில் அந்த மெஷின் நாளைக்கு 35 டாலர் பக்கம் கொடுத்தது, யாரும் 858ஐப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆடிட்டர்தான் முதலில் நிறுத்தினார். நான் வாங்குகிற தொகையில் முக்கால்வாசி மின்வாரியத்துக்குப் போனாலும் முழுசும் என் டர்ன்ஓவர்தான், பதினொரு மெஷினுக்கே வருஷம் 34 லட்சம், 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி, 18 சதவீதம். இதை நான் விலையில் சேர்க்கவே இல்லை. 2022 ஏப்ரலிலிருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி வந்தது, மைனிங் கட்டமைப்புச் செலவை அதில் கழிக்க முடியாது என்று அரசாங்கம் பாராளுமன்றத்திலேயே சொன்னது. மெஷின் வாங்கினவர்களுக்கு அது பெரிய அடி.

ஒவ்வொரு மெஷினுக்கும் சப்மீட்டர் வைத்தேன். பூல் (பல பேரின் மெஷின்கள் சேர்ந்து மைனிங் செய்து வருமானத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் இணையக் குழு) கணக்கு, வாலட் (பிட்காயின் வந்து சேரும் கணக்கு) இரண்டும் வாடிக்கையாளர் பேரில், பாஸ்வேர்ட் அவர் கையில். மெஷினுக்குள் பூல் முகவரியை மாற்றிவிட்டால் இரண்டு நாள் வருமானத்தை யார் வேண்டுமானாலும் தன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம், அதனால் அவர்களே தினமும் பூல் பக்கத்தில் ஹாஷ்ரேட்டை, அதாவது மெஷின் கணக்குப் போடும் வேகத்தை, பார்க்கும்படி பழக்கினேன். எனக்கு இந்தத் தொழிலில் மனசுக்கு நிறைவாக இருந்தது இது ஒன்றுதான்.

ஒரு நாள் ரிட்டயர் ஆன ஐயா ஒருவர் வந்தார், கையில் பிஎஃப் பணம் 5 லட்சம். "மெஷின் எல்லாம் எனக்குத் தெரியாது தம்பி, மாசம் எவ்வளவு கேரண்டி தருவீங்க?" என்றார். எதுவும் கேரண்டி கிடையாது, மெஷின் வாங்கினால் நான் ஓட்டித் தருவேன், விலை இறங்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான் என்றேன். கூட இருந்த நண்பர் வெளியே கூப்பிட்டு, ஒரு மெஷினைப் பத்துப் பங்காக்கி இப்படி இருபது பேரிடம் வாங்கலாமே என்றார். மாச வருமானம் உறுதி என்று சொல்லிப் பணம் வாங்கினால் அது ஹோஸ்டிங் இல்லை, டெபாசிட் வசூல். தமிழ்நாட்டில் அதற்கென்றே 1997லிருந்து முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் கிடக்கட்டும், அந்த ஐயாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது? திட்டம் போடுகிறவர்கள் எல்லாரும் இந்த இடத்துக்கு ஒரு நாள் வருவார்கள், அன்றைக்கு என்ன சொல்வதென்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

2022 செப்டம்பர் 10ஆம் தேதி தமிழ்நாட்டில் மின்கட்டணம் ஏறியது, 15ஆம் தேதி எத்தேரியம் என்ற இன்னொரு கிரிப்டோ மைனிங்கே இல்லாத முறைக்கு மாறியது. அதை மைனிங் செய்ய கிராஃபிக்ஸ் கார்டு ரிக் வைத்திருந்த இரண்டு பேர் அந்த வாரத்திலேயே முடிந்தார்கள். நவம்பரில் பிட்காயின் 16,000க்கு வந்தபோது எஸ்19 நாளைக்கு 6 டாலர்கூடக் கொடுக்கவில்லை, 500 ரூபாய்க்கும் கீழே. கரண்ட் காசே அதைவிட அதிகம். நானே ஒவ்வொருவருக்கும் போன் போட்டு நிறுத்தச் சொன்னேன்.

*

டாலஸிலிருந்து:

அண்ணா, நான் எதிர்ப்பக்கம், காசு கொடுத்து மெஷினை வைத்த ஆள். 2022இல் மேற்கு டெக்சாஸில் ஒரு இடத்தில் இரண்டு மெஷின் வைத்தேன், பெயர் வேண்டாம். ஒப்பந்தம் பதினாலு பக்கம், யூனிட் விலையை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ஜூலை வெயிலில் மின் கிரிட்டில் தேவை ஏறினபோது இங்கே மைனிங் கம்பெனிகள் வரிசையாக மெஷினை நிறுத்தின, என்னுடையதும் நின்றது. அது தப்பே இல்லை, வீடுகளுக்கு ஏசி ஓட வேண்டிய நேரம். ஆனால் நிறுத்தினதற்கு அந்த இடத்துக்காரருக்குக் கிரெடிட், அதாவது கரண்டை விட்டுக்கொடுத்ததற்கான ஈடு, வருமே, அதில் எனக்குப் பங்கு உண்டா? ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. இந்தக் கிரெடிட் எவ்வளவு பெரிய தொகை என்பது எனக்கு அடுத்த வருஷம்தான் உறைத்தது, ரயட் என்ற மைனிங் கம்பெனி 2023 ஆகஸ்ட் ஒரே மாதத்தில் 31.7 மில்லியன் டாலர் கிரெடிட் வாங்கியதாக அவர்களே அறிவித்தார்கள்.

இன்னொன்று, 2022 செப்டம்பரில் கம்ப்யூட் நார்த் என்ற பெரிய ஹோஸ்டிங் நிறுவனம் திவால் மனு போட்டது. நான் வைத்த இடம் அது இல்லை, ஆனாலும் அந்த ராத்திரி தூக்கம் வரவில்லை. ஷெல்ஃபில் ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி மெஷின் அடுக்கியிருக்கும்போது எது என்னுடையது என்று எதை வைத்துக் காட்டுவேன்? மறுநாளே சீரியல் நம்பரும், அது எந்த ரேக்கில் எத்தனையாவது தட்டு என்பதும் எழுதி, போட்டோவோடு அனுப்பச் சொல்லி மெயில் போட்டேன். பத்து நாள் கழித்து வந்தது, ஒரு நம்பர் தப்பு. மூன்று மெயில் போட்டுத் திருத்தினேன். திட்டம் போடுகிற அண்ணன்மார் இதை முதல் நாளே வாடிக்கையாளர் கேட்காமலே கொடுத்துவிடுங்கள், அவர் நிம்மதியாகத் தூங்குவார்.

*

மலேசியா, கிள்ளானிலிருந்து:

நான் மைனிங் செய்ததில்லை. என் கடைவீட்டின் மேல்மாடியை 2020இல் வாடகைக்கு விட்டேன். வந்தவன் நல்லா உடுத்தியிருந்தான், வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர் வைக்கப் போகிறேன் என்று சொல்லி நான் கேட்டதைவிட அதிக வாடகை, ஆறு மாதப் பணம் முன்கூட்டியே கொடுத்தான். ஜன்னலுக்கெல்லாம் பலகை அடித்தான். கீழே முடிவெட்டும் கடை வைத்திருக்கும் அண்ணன், "மேல ராத்திரியெல்லாம் வண்டு மாதிரி இரைச்சல், கூரை சுடுது" என்று இரண்டு தடவை சொன்னார். நான் கரண்ட் பில்லைப் பார்த்தேன், இருநூறு வெள்ளி (ரிங்கிட்) சொச்சம்தான், அதனால் விட்டுவிட்டேன். அந்தச் சின்ன பில்தான் என்னை எழுப்பியிருக்க வேண்டும். மீட்டருக்கு முன்னாலேயே சுவருக்குள் வயர் இழுத்து, மேலே சிமெண்ட் பூசியிருந்தார்கள். மின்சார ஆட்கள் வந்து சுவரை உடைத்தபோது நான் பக்கத்தில் நின்றேன், மீட்டர் என் பேரில். அவன் போனை அணைத்துவிட்டான்.

மறக்க முடியாதது அதற்குப் பிறகு நடந்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு சீனப் பையன் கதவைத் தட்டினான், இருபத்தி இரண்டு வயசு இருக்கும். அவனும் அவன் அக்காவும் சேர்ந்து வாங்கின மெஷின் ஒன்று மேலே ஓடுவதாக நினைத்துக்கொண்டு மாதாமாதம் பணம் கட்டியிருக்கிறான். பூட்டின கதவைப் பார்த்துவிட்டு, "என்னோடது உள்ளே இருக்கா?" என்று கேட்டான். எல்லாம் பறிமுதல் ஆகிவிட்டது. 2021 ஜூலையில் சரவாக் மிரியில் பறிமுதல் செய்த 1,069 மெஷின்களை ரோடு ரோலர் விட்டு நசுக்கினார்களே, அந்த வீடியோ வந்தபோது எனக்கு அவன் ஞாபகம்தான் வந்தது. பல்லடத்து அண்ணே, உங்களிடம் இருந்த பதினொரு மெஷினும் உரியவர்களுக்குத் திரும்பக் கிடைத்ததா?

*

பல்லடத்திலிருந்து:

கிடைத்தது அண்ணே. நீங்கள் எழுதினதைப் படித்துவிட்டு என் மனைவியிடமும் வாசித்துக் காட்டினேன்.

ஒன்பது பேர் நேரில் வந்து எடுத்துக்கொண்டார்கள். டாலஸ் தம்பி சொன்ன சீரியல் நம்பர் லிஸ்ட் நான் முதல் நாளே போட்டிருந்தேன், ஷெட்டில் ஒட்டின காகிதத்தைப் பார்த்து அவர்களே சரிபார்த்தார்கள். டெபாசிட்டில் கரண்ட் பாக்கியைக் கழித்தபோது சண்டை வந்தது, சப்மீட்டர்களின் கூட்டலுக்கும் மெயின் மீட்டருக்கும் 6 சதவீதம் இடித்தது. ஃபேனும் பம்பும் வயரில் போகிறதும்தான் அது, ஆனால் அதை யார் கட்டுவது என்று எழுத்தில் போடாதது என் தப்பு, அதனால் நானே கட்டினேன். மெஷினுக்குள் முழுசாகக் கெட்டுப்போன ஒரு போர்டுக்குப் பாதிக் காசு கொடுத்தேன்.

வாத்தியார் மெஷின்தான் கடைசி. மதுரைக்கு மாற்றலாகிப் போயிருந்தார், வர முடியவில்லை. 2023 பிப்ரவரியில் புளோயர் அடித்து, முன்னால் இருந்த ஃபேனைப் புதுசாக மாற்றி, தெர்மாகோல் வைத்துக் கட்டி பஸ் பார்சலில் போட்டேன். அட்டைப்பெட்டிக்குள் சப்மீட்டரின் கடைசி ரீடிங்கை எழுதி வைத்திருந்தேன், இரண்டு நாள் கழித்து அவர் தன் நோட்டில் குறித்து வைத்திருந்த ரீடிங்கைப் போட்டோ எடுத்து அனுப்பினார். இரண்டும் ஒன்றாகவே இருந்தது.