பிஏஎல் டிவிடி சப்டைட்டில் பாதியில் குதிக்கிறது, வழி சொல்லுங்களேன்

பெங்களூரு நண்பர்களே, ஞாயிறு அல்சூரில் திரையிட வேண்டிய படம். சப்டைட்டிலின் ஐடிஎக்ஸ் (நேரப் பட்டியல்), சப் (வசனப் படங்கள்) கோப்புகள் விநாடிக்கு 25 ஃப்ரேம் ஓடும் பிஏஎல் முறை டிவிடியிலிருந்து எடுத்தவை; வீடியோ 23.976 ஃப்ரேம் ப்ளூரே. அப்படியே போட்டால் ஒரு மணி நேரத்தில் வசனம் இரண்டரை நிமிடம் முந்திவிடும். பிடிசப்டூசப் என்ற சப்டைட்டில் மாற்றும் மென்பொருளில் ஃப்ரேம் ரேட் மாற்றி அதைச் சரிசெய்தாயிற்று. (மொத்தமாக டிலே தள்ளச் சொல்லாதீர்கள், முதல் காட்சிதான் பொருந்தும்.)

இப்போது 58:12 வரை உதட்டோடு ஒட்டி வருகிறது. அடுத்த வரியிலிருந்து கடைசிவரை ஒரே சீராக 1.4 விநாடி தாமதம். மூல ஐடிஎக்ஸை நோட்பேடில் திறந்தால் அதே இடத்தில் புது செல் (டிவிடி வீடியோவின் ஒரு துண்டு) எண் தொடங்குகிறது. அதற்குக் கீழே மைனஸ் டிலே வரி ஒன்று நுழைத்தால் போதுமா? அந்த 1.4 விநாடி 25 ஃப்ரேம் கணக்கில் 1.343 விநாடி வருகிறது. இல்லை, டிவிடியின் ஐஎஃப்ஓ (வீடியோ அமைப்பைச் சொல்லும் கோப்பு) வைத்துத் திரும்ப எடுக்க வேண்டுமா? ஓசிஆர் (வசனப் படங்களை எழுத்தாக மாற்றுவது) இன்னும் செய்யவில்லை.