வாய்க்கால் கசிவும் சிக்னல் கசிவும்

ரகசியச் செய்தி எந்தெந்த வழியில் கசியும் என்ற பேச்சில் நானும் ஒன்று சொல்கிறேன். ராணுவத்தில் தகவல் தொடர்பைப் பார்க்கும் சிக்னல் கோரில் இருந்தவன் நான். ஊர் பெருந்துறைப் பக்கம், கீழ்பவானி வாய்க்காலுக்குக் கீழ்ப்புறம்.

ஜபல்பூரில் பயிற்சி முடித்த புதிதில், வடக்கே ஒரு முகாமில் கேபிள் இழுக்கும் வேலை. அங்கே சிவப்பு லைன், கருப்பு லைன் என்பார்கள். ஒயரின் நிறத்தைச் சொல்வதில்லை. செய்தியை ரகசியக் குறியாக மாற்றிப் பூட்டும் என்கிரிப்ஷன் பெட்டிக்குள் போகும் முன் உள்ள வெறும் செய்தி சிவப்பு. பூட்டி வெளியே வருவது கருப்பு. இரண்டும் தனித்தனிக் குழாயில், இடைவெளி விட்டுத்தான் போக வேண்டும். ஒரு மூலையில் சுவர் கல்லாக இருந்தது. துளைக்க நேரமில்லை என்று இரண்டையும் ஒரே குழாயில் செருகிவிட்டேன். சோதனைக்கு அனுப்பிய பிங்குக்குப் பதில் கிடைத்தது, லைன் ஓடியது, சரி என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் சுபேதார் சாப் டார்ச் அடித்துக்கொண்டே வந்தார். குழாய் வாயில் நின்று, இரண்டு கேபிளையும் விரலால் பிரித்துப் பார்த்தார். "உருவு" என்றார். நடுராத்திரி தாண்டியும் கல்லைத் துளைத்தேன். அவரும் பக்கத்திலேயே நின்றார்.

பெட்டிதான் பூட்டுகிறதே, அப்புறம் என்ன என்று கேட்டேன். ஒரு ஒயரில் ஓடுவது பக்கத்து ஒயரிலும் மெல்லத் தூண்டும், பூட்டாத செய்தியின் சாயல் கருப்பு லைனில் ஏறி வெளியே போய்விடும் என்றார். எனக்கு உடனே ஊர் ஞாபகம் வந்தது. மதகு அடைத்திருந்தாலும் மண் வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் கீழே எங்கள் கிணறு ஊறுமே, அதேதான்.

1943ல் இதை அமெரிக்காவின் பெல் டெலிபோன் ஆய்வுக்கூடமான பெல் லேபில் கண்டிருக்கிறார்கள். அமெரிக்க ராணுவத்தின் 131-பி2 என்ற மறைகுறி இயந்திரம் ஓடும்போதெல்லாம், லேபின் இன்னொரு மூலையில் இருந்த ஆசிலோஸ்கோப்பில், அதாவது மின் அலையைத் திரையில் காட்டும் கருவியில், துடிப்பு எழுந்தது. ராணுவத்தார் நம்பவில்லை. பெல் லேப்காரர்கள் 80 அடி தள்ளி எதிர்க் கட்டடத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சிக்னலைப் பதிந்து, சில மணி நேரத்திலேயே ரகசியச் செய்தியில் முக்கால்வாசியை எடுத்துக் காட்டினார்கள். படித்தபோது அந்தக் கல் சுவர்தான் கண்ணில் நின்றது.

போன மாதம் கோவையில் ஒரு சொந்தக்காரப் பையனின் பட்டறைக்குப் போயிருந்தேன். பாதுகாப்புத் துறைக்குப் பாகம் கடைந்து கொடுக்க ஆசைப்படுகிறான். "டிராயிங் கம்ப்யூட்டருக்கு நெட்டே கிடையாதுங் மாமா" என்றான். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் கம்ப்யூட்டர் சொல்படி பாகம் கடையும் சிஎன்சி மெஷின் ஓரத்தில் சிவப்புக் கயிற்றில் ஒரு பென் டிரைவ் தொங்கியது. டிராயிங் அதில்தான் மெஷினுக்கு வரும். பில் பிரிண்ட் எடுக்க வெளிக்கடைக்குப் போவதும் அதேதான். 2008ல் அமெரிக்க ராணுவத்தின் ரகசிய நெட்வொர்க்குக்குள்ளேயே ஒரு பென் டிரைவ் வழியாகத்தான் வைரஸ் நுழைந்தது. துடைத்தெடுக்கப் பதினான்கு மாதம் ஆயிற்று. அதைச் சொன்னதும் பையன் முகம் மாறிவிட்டது.

"அப்ப இதுவும் கசிவுதானுங்களா?" என்றான். கயிற்றை அவனே அவிழ்த்து, பில்லுக்கு வேறொன்று வாங்கி வரச் சொல்லி ஆளை அனுப்பினான்.

வெளிச்சத்தில் செய்தி கொண்டுபோகும் கண்ணாடி இழையான ஃபைபரை வளைத்தாலும் வெளிச்சம் கசியும் என்பார்கள். முகாம்களில் ஃபைபர் போட்டவர்கள் யாராவது இருந்தால், அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று எழுதுங்களேன்.