பிராக் நகரைத் தனி வழிகாட்டியோடு நடந்து பார்த்தவர்களின் அனுபவங்கள்

பிராக் போகிறவர்களுக்குத் தனி வழிகாட்டி தேவையா, குடையைத் தூக்கிப் பிடித்தபடி முப்பது பேரைக் கூட்டிப் போகிறவர் பின்னால் போனால் போதாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வயதானவர்கள் உடன் வந்தால், அல்லது ஏதாவது ஒரு விஷயத்தில் தீராத ஆர்வம் உள்ளவர் வந்தால், வேறு செலவைக் குறைத்தாவது தனி வழிகாட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். எங்கள் வீட்டில் அந்த இரண்டுமாக இருந்தவர் அப்பா.

அப்பா சர்வே துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலி உண்டு. ஆனால் எங்காவது ஓர் அளவுக்கல் கண்ணில் பட்டுவிட்டால் வலி ஞாபகம் இருக்காது. இதையெல்லாம் முன்கூட்டியே மின்னஞ்சலில் எழுதியிருந்தேன். வழிகாட்டி ஐம்பதைத் தாண்டிய அம்மா, பிராக்கிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் விலையைச் சொல்வதற்கு முன்னால் கேள்விகளாகக் கேட்டார். அப்பாவால் எத்தனை படி ஏற முடியும், எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை உட்கார வேண்டும், என்ன சாப்பிடுவோம், எதைப் பார்க்காமல் போனால் வருத்தப்படுவோம். பதில் போனதும் வழக்கமான பாதையையே மாற்றிவிட்டார்.

கோட்டைக்குப் பெரும்பாலும் கீழேயிருந்து மூச்சு வாங்க ஏறித்தான் போகிறார்கள். எங்களை அவர் 22ஆம் எண் டிராமில் ஏற்றி, கோட்டையின் பெயரையே கொண்ட நிறுத்தத்தில் இறக்கினார். அங்கிருந்து கோட்டை வாசல் வரை ஏறக்குறைய சமதளம். 1344இல் தொடங்கி 1929இல்தான் முடிந்த புனித வீத்துஸ் தேவாலயத்தையும், 1618 மே 23 அன்று அரசப் பிரதிநிதிகள் இருவரையும் அவர்களுடைய எழுத்தரையும் வெளியே தூக்கி எறிந்த சன்னலையும் பார்த்தோம். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் அதில் மூண்ட சண்டை முப்பதாண்டுப் போராக வளர்ந்து நடு ஐரோப்பாவையே சூறையாடியது. உள்ளே கூட்டம் அதிகம். கோட்டையில் எங்களுக்கு இது போதும் என்று அவரே முடிவு செய்தார்; எனக்கும் அது சரியென்றே பட்டது.

மறுபடி டிராமில் கீழே வந்து, நெருதோவா தெருவின் அடிப்பகுதியில் கொஞ்ச தூரம் நடந்தோம். 1770இல் மரியா தெரசா ஆட்சியில் எண் போடும் வரை அங்கே வீடுகளுக்கு அடையாளச் சின்னங்கள்தான். மூன்று வயலின், இரண்டு சூரியன், சிவப்பு ஆட்டுக்குட்டி என்று வாசலுக்கு மேலே செதுக்கியிருப்பது இன்றும் இருக்கிறது. அப்பாவின் கண் போனது சின்னத்துக்கு அல்ல, அதன் கீழே இருந்த எண் பலகைகளுக்கு. ஒவ்வொரு வீட்டிலும் சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று. ஏன் இரண்டு என்று கேட்டார். சிவப்பு, அந்தப் பகுதியின் பதிவேட்டில் கட்டடத்துக்கு உள்ள எண். நீலம், தெருவில் அதன் வரிசை எண் என்றார் அந்த அம்மா. "அப்போ ஒண்ணு சர்வே நம்பர், ஒண்ணு கதவு நம்பர்" என்று அப்பா என்னிடம் சொன்னார். அதன் பிறகு நாள் முழுக்க இரண்டையும் படித்துக்கொண்டே வந்தார்.

சார்லஸ் பாலத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். 1357இல் தொடங்கியது, 516 மீட்டர் நீளம், 30 சிலைத் தொகுதிகள். பெரும்பாலானவை நகல், மூலங்களை உள்ளே வைத்துக் காக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது, பழைய நகரப் பக்கம் கரைச் சுவரில் பதித்திருக்கும் தாடிக்காரத் தலை. தனியாகப் போயிருந்தால் அதை நாங்கள் பார்த்திருக்கவே மாட்டோம். 1342 வெள்ளத்தில் போன முந்தைய பாலத்தைச் சேர்ந்த கல் அது. அந்தக் காலத்தில் வெள்ள அளவு பார்க்க அதுதான் குறி. ஆற்று நீர் அந்தத் தலையின் உச்சியைத் தொட்டால் பழைய நகரச் சதுக்கத்துக்கே வந்துவிடும் என்று கணக்கு. 2002 ஆகஸ்ட் வெள்ளத்தைத் தன் கண்ணால் பார்த்ததை அந்த அம்மா அங்கே நின்று சொன்னார். அப்பாவும் தாமிரபரணிப் பாலத்தில் வெள்ளக் குறி பார்த்த கதையைச் சொல்ல, நான் இருவருக்கும் நடுவில் மொழிபெயர்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தச் சதுக்கத்தில், நகர மண்டபச் சுவரில் இருக்கும் வானியல் கடிகாரத்துக்கு மணி அடிக்கும் நேரத்தில் எங்களைக் கூட்டிப் போகவில்லை. மணிக்கு ஒரு தடவை அப்போஸ்தலர் பன்னிருவர் சன்னலில் வந்து போவதைப் பார்க்க நெருக்கியடிக்கும் கூட்டம், முடிந்ததும் கலைந்துவிடும். அப்படிக் கலைந்த நேரமாகப் பார்த்து, நேர் எதிரே நிறுத்தி முகப்பை விளக்கினார். 1410ஆம் ஆண்டுக் கடிகாரம். நடுவில் இருப்பது பூமி, சூரியன் அதைச் சுற்றுகிறது. ரோமன் எண்கள் இன்றைய மணியைக் காட்டும். வெளி வளையத்தின் தங்க எழுத்துகள் சூரிய அஸ்தமனத்திலிருந்து எண்ணும் 24 மணி. அஸ்தமனம் தினமும் மாறுவதால் அந்த வளையமும் ஆண்டு முழுவதும் மெல்ல நகர்கிறது. இன்னொரு கணக்கு, உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை உள்ள பகலைப் பன்னிரண்டாக வகுத்தது. கோடையில் அந்த மணி நீளும், குளிர்காலத்தில் சுருங்கும்.

இதைக் கேட்டதும் அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். உதயத்திலிருந்து நாழிகை எண்ணுவதையும், ஒரு நாளுக்கு அறுபது நாழிகை என்பதையும், ராகு காலத்தைச் சரியாகக் கணிக்கிறவர்கள் அன்றன்றைய பகல் நீளத்தை எட்டாக வகுப்பதையும் அவரே தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அம்மா பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, சரிதானா என்று அப்பாவிடமே காட்டினார்.

சதுக்கத்தின் தரையில் ஓர் உலோகப் பட்டை ஓடுகிறது. பிராக் தீர்க்கரேகை. மரியாள் தூணின் நிழல் அதன் மேல் விழுந்தால் உச்சிவேளை. 1650இல் நிறுவிய தூணை 1918இல் சாய்த்தார்கள், 2020இல் அதே இடத்தில் மறுபடி எழுப்பினார்கள். அப்பா நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டார்: இது 14 பாகை 25 கலை கிழக்கு, நாட்டின் மணியோ 15 பாகையை வைத்தது, ஆக இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் வித்தியாசம் வரும். ஒரு குழுவோடு போயிருந்தால் அதற்குள் குடை அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். இந்த அம்மாவோ மீதிப் பாதையை மனதுக்குள் சுருக்கிக்கொண்டு காத்திருந்தார்.

நகர மண்டபத்தை ஒட்டித் தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் உண்டு. கோட்டைச் சன்னலில் தொடங்கிய கலகம் வெள்ளை மலைப் போரில் தோற்ற பிறகு, 1621 ஜூன் 21 அன்று அங்கே கொல்லப்பட்ட பொஹீமியத் தலைவர்களுக்காக. பொஹீமியா என்பது இன்றைய செக் நாட்டின் பெரும்பகுதி. பன்னிரண்டு தலைகளைப் பாலக் கோபுரத்தில் பத்து ஆண்டுகள் தொங்கவிட்டிருந்தார்கள். தெரியாதவர்கள் அந்தச் சிலுவைகள் மேல் நின்றுதான் கடிகாரத்தைப் படம் எடுக்கிறார்கள்.

கடைசியில் நான் ஒன்று கேட்டேன். தமிழறிஞர் கமில் சுவெலபில் படித்த சார்லஸ் பல்கலைக்கழகம் இங்கே எங்கே இருக்கிறது? அப்படி ஒருவரை அந்த அம்மா கேள்விப்பட்டதில்லை. ஒரு செக் நாட்டவர் தமிழ் இலக்கியத்துக்கு வாழ்நாளைக் கொடுத்தார் என்பது அவரை அசைத்துவிட்டது. பாதையிலிருந்து விலகி, 1348இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்துக்கு, சுவரிலிருந்து துருத்தி நிற்கும் கோதிக் சன்னலுக்குக் கீழே கூட்டிப் போனார். சோவியத் படைகள் 1968 ஆகஸ்டில் நுழைந்த பிறகு சுவெலபில் நாட்டை விட்டுப் போனவர் என்று சொன்னேன். "எங்கள் குடும்பத்திலும் அந்த வருடம் போனவர் உண்டு" என்றார். அதுவரை அவர் வீட்டுக் கதை ஒன்றுகூடப் பேசியிருக்கவில்லை.

பிறகு வென்செஸ்லஸ் சதுக்கம். தேசிய அருங்காட்சியகத்தின் முகப்பில் 1968 குண்டுத் தழும்புகள் இன்றும் வெளிறிய திட்டுகளாகத் தெரிகின்றன. எதிரே தரையில், அந்த ஆக்கிரமிப்பை எதிர்த்து 1969 ஜனவரி 16 அன்று தீக்குளித்த மாணவர் யான் பாலாக்கின் நினைவாக ஒரு வெண்கலச் சிலுவை. அப்பாவால் அதற்கு மேல் நடக்க முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தோம். 1989 நவம்பரில், கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு எதிரான போராட்டத்தில் தான் கல்லூரி மாணவியாக இதே இடத்தில் நின்று, எல்லோரையும் போலச் சாவிக் கொத்தைத் தலைக்கு மேலே ஆட்டியதை அவர் சொன்னார். அந்தச் சத்தம் எப்படி இருந்தது என்று அப்பா கேட்டார். கைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து ஆட்டிக் காட்டினார்.

———

நாங்கள் ஜேர்மனியில இருக்கிறனாங்கள், ரயிலில் போய் வரலாம் என்பதால் நவம்பரில் போனோம். நான் யூதர் பகுதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களும் அங்கே பூட்டு. பயணம் போடும்போது கவனியுங்கோ.

எங்களைக் கூட்டிக்கொண்டு போன ஐயா எல்லாக் கதையையும் வெளியிலேயே நின்று சொல்லி முடித்தார். யூத நகர மண்டபத்தில் எபிரேய எழுத்து மணிக்கூடு ஒன்று இடம்புரியாக ஓடுறதைக் காட்டினார். பழைய மயானத்தில் சுமார் 12,000 கல்லறைக் கற்கள். புதிதாக நிலம் கிடைக்காதபடியால் ஒன்றின் மேல் ஒன்றாக மண் நிரப்பிப் புதைத்தவை. சில இடங்களில் பன்னிரண்டு அடுக்கு வரைக்கும் இருக்காம். ஆகப் பழைய கல் 1439ஆம் ஆண்டையது.

பிறகு பிங்காஸ் தொழுகைக்கூடத்தின் வாசலில், "உள்ளே நான் கதைக்கமாட்டேன். உங்களுக்கு எவ்வளவு நேரம் வேணுமோ எடுங்கோ, நான் மற்ற வாசலில் நிற்பேன்" என்றார். சுவர் முழுக்கக் கையால் எழுதின பெயர்கள். நாசிகளால் கொல்லப்பட்ட பொஹீமிய, மொராவிய யூதர் ஏறத்தாழ 78,000 பேர், ஊர் ஊராக, பிறந்த தேதியோடு. 1950களில் எழுதினதை, 1968க்குப் பிறகு கட்டடத்தைப் பூட்டிவைத்த காலத்தில் அழித்துப்போட்டார்கள். 1992இலிருந்து 1996 வரைக்கும் இருந்து திரும்பவும் முழுப் பெயர்களையும் எழுதினார்கள். மேல்மாடியில் நாசிகளின் தெரெசின் முகாமில் பிள்ளைகள் கீறின படங்கள் இருக்கு.

என்னுடைய அம்மா காணாமல் போன தன் தம்பியின் பெயரை வருசா வருசம் விண்ணப்பங்களில் எழுதிக் குடுத்தவா. அந்தச் சுவருக்கு முன்னால் அவா நெடுநேரம் நின்றவா, நான் கூப்பிடேல்லை. வெளியே வந்தபோது அந்த ஐயா ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்துத் தெருவில் தேநீர் குடிக்கக் கூட்டிக்கொண்டு போய், அம்மா தானாகக் கதைக்கத் தொடங்கும் வரைக்கும் பேசாமல் இருந்தார். நேரக் கணக்கில் அவர் அதைச் சேர்க்கவும் இல்லை.

———

மேலே எழுதிய இருவருக்கும் நல்ல வழிகாட்டிகள் அமைந்திருக்கிறார்கள். எங்களுக்கு முதலில் அமைந்தவர் அப்படியில்லை. நடையின் பாதி நேரம் ஒரு கண்ணாடிப் பொருள் கடையில் போயிற்று. உட்கார வைத்து ஒவ்வொரு கிண்ணமாகக் காட்டினார்கள். ஆகவே பதிவு செய்யும்போதே கடைகளுக்குள் போக வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். கட்டணம் குழுவுக்கா ஆளுக்கா, கோட்டை நுழைவுச்சீட்டு அதில் அடங்குமா, டிராம் சீட்டு யார் எடுப்பது என்பதையும் கேளுங்கள். நான்கு பேர் போனால், குழுவுக்கு ஒரே கட்டணம் வாங்குகிறவரிடம் தலைக்கு வரும் செலவு பெரிதாகத் தெரியாது.

அடுத்து அமைந்தவர் வரலாறு படித்த இளைஞர். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன் இரண்டாம் உலகப்போர் என்றால் சாப்பாட்டை மறந்துவிடுவான். அதைச் சொன்னதும் அவர் பாலத்தையும் கடிகாரத்தையும் வேகமாக முடித்துக்கொண்டு, ரெஸ்லோவா தெருவில் உள்ள புனித சிரில், மெத்தோடியஸ் தேவாலயத்துக்கு எங்களை நேராகக் கூட்டிப் போனார். செக் நாட்டை ஆண்ட நாசித் தலைவர் ஹைட்ரிக்கை 1942 மே 27 அன்று தாக்கியவர்கள் உட்பட, பாராசூட் வீரர்கள் ஏழு பேர் அங்கேதான் ஒளிந்திருந்தார்கள். ஜூன் 18 அன்று ஜெர்மானியப் படை சுற்றி வளைத்தது. தெருவோரச் சின்ன சன்னலைச் சுற்றிச் சுவரெல்லாம் குண்டுத் தடங்கள். அதன் வழியாகத்தான் நிலவறைக்குள் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். ஏழு பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

மகன் கேட்ட முதல் கேள்வி, காட்டிக்கொடுத்தது யார் என்பது. அதே படையில் வந்திறங்கிய சுர்டா என்பவர். இரண்டாவது கேள்வி கடினமானது: இதற்குப் பழியாக லிதித்சே கிராமத்தையே அழித்தார்களே, அப்படியானால் அந்தத் தாக்குதல் சரியா? வழிகாட்டி உடனே பதில் சொல்லவில்லை. தன் தாத்தாவும் பாட்டியும் இதில் கடைசி வரை ஒத்துப்போகவில்லை என்றார். இருவர் தரப்பையும் எடுத்துச் சொன்னார். பிறகு, நீ என்ன நினைக்கிறாய் என்று அவனையே கேட்டார். நிலவறையிலிருந்து ஆற்றங்கரை வரை இருவரும் அதையே பேசிக்கொண்டு முன்னால் நடந்தார்கள், நானும் மனைவியும் பின்னால். பேசி வைத்த நேரம் தாண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கூடுதல் நேரத்துக்கான பணத்தை நாங்களாகவே கணக்குப் பார்த்துக் கொடுத்தோம்; நீங்களும் கொடுங்கள், அவர்களாக வாய் திறந்து கேட்கமாட்டார்கள்.