பணம் கட்டியபின் ‘விலை தவறு’ என்று ஆர்டரை ரத்து செய்யலாமா? (சிங்கப்பூர்)

தெம்பனிஸ்வாசி:
இணையக் கடை ஒன்றில் வாஷிங் மெஷின் 389 வெள்ளி என்று போட்டிருந்தது. அதே மாடல் மற்ற கடைகளில் 650 வெள்ளி. கார்டில் கட்டிவிட்டேன். ‘உங்கள் ஆர்டர் கிடைத்தது’ என்று உடனே ஒரு மின்னஞ்சல். மறுநாள் இன்னொன்று: ‘ஆர்டர் உறுதி. சனிக்கிழமை 2 முதல் 5 மணிக்குள் கொண்டுவருவோம்.’ பழைய மெஷினைத் தூக்கிப் போட்டாயிற்று. வெள்ளிக்கிழமை ராத்திரி, விலை தவறாக ஏறிவிட்டது, பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம் என்கிறார்கள். பணம் வாங்கினாலே ஒப்பந்தம் ஆகிவிட்டதுதானே?

ஈசூன் மாமா:
பணம் திரும்பி வந்தால் கதை முடிந்தது தம்பி. மறுபயன், அதாவது கொடுப்பதற்குப் பதிலாகக் கிடைப்பது, இல்லாமல் ஒப்பந்தம் ஏது?

சட்டமாணவி:
அப்படி இல்லை மாமா. நான் பணம் தருகிறேன், நீ பொருள் தா என்று இரண்டு பக்கமும் வாக்குக் கொடுத்ததே மறுபயன். பிற்பாடு பணத்தைத் திருப்பிவிட்டால் உருவான ஒப்பந்தம் மறைந்துவிடாது.

உருவானதா என்பதுதான் கேள்வி. இங்குள்ள ஒப்பந்தச் சட்டம் இங்கிலாந்தின் பொதுச் சட்ட (நீதிமன்றத் தீர்ப்புகளால் வளர்ந்த சட்டம்) வழி வந்தது. அதன்படி ஒருவர் முன்மொழிந்து மற்றவர் ஏற்றால்தான் ஒப்பந்தம். அலமாரியில் விலை ஒட்டி வைப்பது முன்மொழிவு அல்ல, வந்து கேளுங்கள் என்கிற அழைப்பு மட்டுமே. 1953இல் பூட்ஸ் மருந்துக்கடை வழக்கில் தீர்ந்த விஷயம் இது: கூடையில் போட்டதும் விற்பனை ஆகிவிடாது, கல்லாவில் பொருளை நீட்டும் வாடிக்கையாளர்தான் முன்மொழிகிறார், கடைக்காரர் ஏற்கிறார். இணையக் கடைக்கும் பொதுவாக அதே கணக்குதான். ஆக, முன்மொழிந்தது நீங்கள். முதல் மின்னஞ்சல் வெறும் ரசீது. இரண்டாவதுதான் ஏற்பு மாதிரி தெரிகிறது. கடையின் விதிமுறையில் என்ன எழுதியிருக்கிறது?

தெம்பனிஸ்வாசி:
‘உறுதி மின்னஞ்சல் அனுப்பும்போது ஒப்பந்தம் உருவாகும்’ என்று இருக்கிறது. விலைப் பிழை பற்றி ஒரு வரியும் இல்லை.

பேரேடு:
அப்படியானால் ஒப்பந்தம் இருக்கிறது என்று வாதாடலாம். அதோடு முடிந்துவிடாது. டிஜிலேண்ட்மால் என்ற சிங்கப்பூர் இணையக் கடையின் வழக்கைப் பாருங்கள். 2003 ஜனவரியில் 3,854 வெள்ளி லேசர் பிரிண்டர் 66 வெள்ளி என்று தளத்தில் ஏறிவிட்டது. ஆறு பேர் மொத்தம் 1,606 பிரிண்டர் கேட்டார்கள்! தானாகப் போகும் உறுதி மின்னஞ்சலும் போனது. ஏற்பு, மறுபயன் எல்லாம் இருந்தும் 2004இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள், 2005இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள். விலை தவறு என்று தெரிந்தே வாங்கினார்கள் என்பதால் ஒப்பந்தமே செல்லவில்லை. ராத்திரியில் தங்களுக்குள் பேசிக்கொண்ட இணைய அரட்டையும் அவர்களுக்கு எதிராக நின்றது.

உங்கள் விலை சுமார் 40 சதவீதம்தான் குறைவு. கழிவு விற்பனையில் நடக்கக்கூடியதுதான். தவறு என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தெம்பனிஸ்வாசி:
அங்கேதான் சிக்கல். சுட்டியை அனுப்பியது மச்சான். கூடவே ‘விலை தப்பா போட்டுட்டான் போல, சீக்கிரம் வாங்கு’ என்று வாட்ஸ்அப். ‘மேலே ஆண்டு விற்பனைன்னு போட்டிருக்கே’ என்று நான் பதில் போட்டேன். அழித்துவிடவா?

சட்டமாணவி:
தயவுசெய்து அழிக்காதீர்கள். அழித்தது தெரிந்தால் உங்கள் பேச்சை யாரும் நம்பமாட்டார்கள். தவிர, நீங்கள் போட்ட பதில்தான் உங்களுக்குச் சாட்சி. அந்த ‘ஆண்டு விற்பனை’ பக்கம் இன்னும் இருந்தால் உடனே படம் பிடியுங்கள்.

பேரேடு:
மெஷினையே கொடு என்று அடம்பிடிப்பதில் பயனில்லை, கடையில் வாங்கக் கிடைக்கும் பொருளுக்குப் பெரும்பாலும் நஷ்டஈடுதான். வேறு இடத்தில் அதே மாடலை வாங்கிவிட்டு வித்தியாசத்தைக் கேளுங்கள், 261 வெள்ளி வரும். முதலில் கடைக்கு எழுதுங்கள். இரண்டாவது மின்னஞ்சலையும் அந்த விதிமுறை வரியையும் அப்படியே ஒட்டி, பணம் திரும்பி வந்தாலும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று ஒரு வரி சேருங்கள். மசியவில்லை என்றால் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வக்கீல் வைக்க முடியாது, அவர்களுக்கும் அதேதான்.

தெம்பனிஸ்வாசி:
சரி, இன்று ராத்திரியே எழுதுகிறேன். விற்பனைப் பக்கம் இன்னும் இருக்கிறது, படம் பிடித்துவிட்டேன்.