பார்க்கிங் லொட்டுக்கு உப்புக் கரைசல் அடிச்சும் விடிய ஐஸ் கட்டுது, ஏன்?

ஸ்காபரோ_பிளவ்:
2000 சதுர மீற்றர் தார் லொட். ஸ்னோ ஒட்டாமல் இருக்க முதல் நாளே கரைசல் அடிச்சது. 1000 லீற்றர் தாங்கியில 350 கிலோ கல்லுப்பு, மிச்சம் தண்ணி. விசிறி நொசில். இரவு தரை மைனஸ் 12. விடிய லொட் முழுக்க வழுக்குது, நொசிலும் அடைப்பு. உப்பைக் கூட்டிப் போட்டும் ஏன் உறையுது?

உப்புமூட்டை:
கூட்டினதுதான் பிழை. எடையில 23.3% உப்பு இருந்தால்தான் மைனஸ் 21 வரை தாங்கும். அதுக்கு மேல போனால் எதிர்மாறு: 25% கரைசலில மைனஸ் 9இலயே உப்புப் பளிங்கு கட்டத் தொடங்கிடும். நொசிலை அடைச்சது அதுதான். 350 கிலோவில ஒரு பங்கு கரையாமல் அடியிலயும் கிடக்கும்.

1000 லீற்றர் தண்ணிக்கு 304 கிலோ உப்பு. கல்லுப்பில மண்ணும் ஈரமும் இருக்கிறதால தராசை மட்டும் நம்பாதேங்கோ. கலக்கித் தெளிய விட்டு ஹைட்ரோமீற்றர் (கரைசலின்ர அடர்த்தியை அளக்கிற மிதவை) போடுங்கோ. 1.176 வரவேணும்.

தார்_தரை:
வழுக்கலுக்குக் காரணம் வேற. தாங்கிக்குள்ள உறையாத கரைசல் தரையில உறையும், ஸ்னோ உருகி ஐதாக்கிடும். மைனஸ் 12க்குக் குறைஞ்சது 16% வேணும். அந்தக் குளிரில ஒரு லீற்றர் கரைசல் அரை லீற்றர் உருகின தண்ணியைத்தான் தாங்கும். சதுர மீற்றருக்கு 25 மில்லிலீற்றர் அடிச்சால், வெறும் 13 மில்லிலீற்றர் தண்ணி!

அதால தரை மைனஸ் 9க்குக் கீழ போனால் தனி உப்புக் கரைசலை விடுங்கோ. கல்சியம் குளோரைட்டுக் கரைசலால (இன்னும் கூடின குளிரிலயும் ஐஸை உருக்கிற வேற உப்பு) நனைச்ச கல்லுப்பு போடலாம், ஒரு தொன் உப்புக்கு 40 லீற்றர் காணும். நனைஞ்ச உப்பு துள்ளி ஓடாது, உடனே வேலையும் தொடங்கும். காற்றின்ர வெப்பநிலையைப் பாராதேங்கோ, அகச்சிவப்பு மானியால தரையை அளவுங்கோ. மழை வரப்போகுதெண்டால் அடிக்கவே வேண்டாம், கழுவிக்கொண்டு போயிடும்.

விசிறி நொசிலையும் கழட்டுங்கோ. அது தரை முழுக்கப் படலமாய்ப் பூசும். கோடு கோடாய் ஊத்துற நொசில் எண்டால் இடையில காய்ஞ்ச தார் இருக்கும், ரயர் பிடிக்கும். எத்தனை லீற்றர் போனது?

ஸ்காபரோ_பிளவ்:
200 லீற்றர்.

தார்_தரை:
நாலு மடங்கு. 50 காணும்.

உப்புமூட்டை:
25 சென்ரிமீற்றர் இடைவெளியில 10 நொசில், மணிக்கு 10 கிலோமீற்றர் வேகம் எண்டால் ஒவ்வொரு நொசிலும் நிமிசத்துக்கு ஒரு லீற்றர் விடவேணும். வண்டியை நிப்பாட்டி, கீழ வாளி வைச்சு அளந்து பாருங்கோ. கூடினால் பம்ப் அழுத்தத்தில கை வையாமல் சின்னத் துளை நொசிலாய் மாத்துங்கோ. அழுத்தத்தைப் பாதியாக்கினாலும் ஓட்டம் 30% தான் குறையும்.