ஜீரோ டிரஸ்ட்: தேவையா, வெறும் விற்பனைப் பேச்சா?

கோவை_அட்மின்:
கோவைப் பக்கம் பம்ப் உதிரிபாகம் செய்யும் கம்பெனி. 240 பேர், இரண்டு யூனிட். ஐடி என்றால் நானும் எனக்குக் கீழே ஒரு பையனும்தான். போன வாரம் ஒரு விற்பனையாளர் வந்து முதலாளியிடம் ஒரு மணி நேரம் ஜீரோ டிரஸ்ட் பற்றிப் பேசினார். ஆபீஸ் நெட்வொர்க்கில் இருக்கிறான் என்பதற்காக எவரையும் நம்பக் கூடாது, ஒவ்வொரு தடவையும் ஆளையும் கருவியையும் சரிபார்த்தே உள்ளே விட வேண்டும் என்பது சாரம். முதலாளி கேட்டு மயங்கினார், நான் விலையைப் பார்த்து மயங்கினேன். இப்போது எங்களிடம் வெளியாரைத் தடுக்கும் ஒரு ஃபயர்வாலும், வெளியூர் போகிறவர்கள் இன்டர்நெட் வழியாக ஆபீஸ் நெட்வொர்க்கில் நுழைய விபிஎன்னும் இருக்கின்றன. மாறத்தான் வேண்டுமா?

பழைய_ஃபயர்வால்:
தம்பி, சரக்கு பழசு, லேபிள்தான் புதுசு. ஃபயர்வால் என்ற சுற்றுச்சுவரை மட்டும் நம்பாதே என்று, பெரிய நிறுவனங்களின் பாதுகாப்பு அதிகாரிகள் சேர்ந்த ஜெரிகோ ஃபோரம் 2004-லேயே சொல்லிவிட்டது. 2010-இல் ஃபாரஸ்டர் என்ற ஆய்வு நிறுவனத்தில் இருந்த ஜான் கிண்டர்வாக் ஜீரோ டிரஸ்ட் என்ற பெயரில் அதை ஒரு மாதிரியாக எழுதினார். அதற்கப்புறம் டப்பா விற்கிறவர்கள் எல்லாரும் அந்த ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டார்கள். கூகுளே இப்படி மாறியதே என்பார்கள். 2009-இல் ஆரோரா என்ற ஹேக்கிங் தாக்குதலில் அடி வாங்கிய பிறகு, தன் சொந்த இன்ஜினியர்களை வைத்து வருடக்கணக்கில் கட்டியது அது. உங்களிடம் ஒரு பையன் இருக்கிறான்.

சாவிக்கொத்து:
அண்ணா, ஸ்டிக்கர் விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை. ஆனால் சுவரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2021 மே மாதம் அமெரிக்காவில் பெட்ரோல், டீசல் கொண்டுபோகும் கலோனியல் பைப்லைனைப் பாருங்கள். யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு விபிஎன் கணக்கு, எங்கோ கசிந்த பாஸ்வேர்ட், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கிடையாது. அந்த வழியாக ஃபைல்களைப் பூட்டிப் பணம் பறிக்கும் டார்க்சைட் கும்பல் உள்ளே போனது. மே 7 அன்று நிறுவனமே பைப்லைனை நிறுத்தியது, 12ஆம் தேதிதான் திரும்ப ஓட ஆரம்பித்தது. 75 பிட்காயின் கப்பம், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர். விபிஎன்னில் நுழைந்தவன் நம்மவன் என்று நினைத்ததன் விலை.

பழைய_ஃபயர்வால்:
என் கட்சிக்கு நீங்களே சாட்சி சொல்கிறீர்கள். செத்த கணக்கை நீக்கியிருந்தால், கூடவே ஓடிபி போட்டிருந்தால் அந்தக் கதவு திறந்திருக்காது. அதற்கு ஜீரோ டிரஸ்ட் எதற்கு? வீட்டைப் பூட்டாமல் போனவனுக்குப் புது வீடு கட்டச் சொல்கிறீர்கள்.

சாவிக்கொத்து:
பூட்டைத் தாண்டியவன் அப்புறம் எவ்வளவு தூரம் போக முடியும்? நான் கேட்பது அது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸில் ஹேக்கிங் தாக்குதலால் ஐந்து சர்வர்கள் முடங்கின. ஓ.பி. சீட்டைக்கூடக் கையால் எழுதினார்கள். நெட்வொர்க்கைச் சரியாகப் பிரிக்காததே காரணம் என்று மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. சாதாரண விபிஎன் அமைப்பு ஆளை வாசலில் ஒரு தடவை சோதித்துவிட்டு வீடு முழுவதையும் திறந்து விடுகிறது. ஜீரோ டிரஸ்ட் முறையில் ஒவ்வொரு அறையிலும் கேள்வி உண்டு. யார், எந்த லேப்டாப், அதில் அப்டேட் போட்டிருக்கிறதா, இந்தச் சர்வரில் இவருக்கு வேலை இருக்கிறதா?

கோவை_அட்மின், ஒரு சோதனை செய்யுங்கள். டெஸ்பாட்ச் டேபிளில் இருக்கும் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எதையெல்லாம் திறக்க முடிகிறது என்று பாருங்கள்.

கோவை_அட்மின்:
பார்த்தேன். கணக்கு வைக்கும் டாலி சர்வரின் ஷேர் ஃபோல்டர், டிசைன் டிராயிங், சிசிடிவி ரெக்கார்டர், மூன்றும் திறக்கின்றன. சிசிடிவிக்குப் பாஸ்வேர்ட் மாற்றவே இல்லை. தலை சுற்றுகிறது.

பழைய_ஃபயர்வால்:
கம்ப்யூட்டர்களை இணைக்கும் ஸ்விட்சில் விலான் (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனிப் பகுதிகளாக்கும் அமைப்பு) பிரித்துவிடுங்கள், சனி ஞாயிறு இரண்டு நாள் வேலை. உங்கள் ஸ்விட்ச் அதற்கு இடம் கொடுத்தால் பைசா செலவில்லை.

நைட்_ஷிப்ட்:
நான் தொழிற்சாலைத் தளத்துக்காரன், குறுக்கே வருகிறேன். எங்கள் சிஎன்சி மெஷினோடு (கம்ப்யூட்டர் சொல்படி உலோகம் வெட்டுவது) வந்த கம்ப்யூட்டரில் விண்டோஸ் எக்ஸ்பி. அப்டேட் நின்று பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அதை மாற்றினால் மெஷினின் கன்ட்ரோலரையே மாற்ற வேண்டும். கருவி நல்ல நிலையில் இருக்கிறதா என்று கேட்டால் அது எந்தக் காலத்திலும் பாஸ் ஆகாது. அப்புறம் ஒரு சந்தேகம். இந்த அனுமதி எல்லாம் கிளவுடில் இருந்து வருகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு இன்டர்நெட் போனால் ஆபரேட்டர் மெஷினுக்கான ஜாப் ஃபைலை எப்படி எடுப்பான்? இதை நானாகக் கிளப்பவில்லை. அமெரிக்க அரசின் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2020 ஆகஸ்டில் ஜீரோ டிரஸ்ட் பற்றி வெளியிட்ட 800-207 ஆவணமே, முடிவெடுக்கும் மையத்தை அணுக முடியாமல் போனால் மொத்த வேலையும் நிற்கலாம் என்று அபாயப் பட்டியலில் வைத்திருக்கிறது.

சாவிக்கொத்து:
எக்ஸ்பி பெட்டியை நம்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அதைத் தனியாகப் பிரித்து, முன்னால் ஒரு காவல் வைத்து, ஜாப் ஃபைல் வரும் அந்த ஒரு வழியை மட்டும் திறந்து வைப்பதுதான் முறை. இன்டர்நெட் கேள்வி நியாயமானது. தளத்துக்கான அனுமதியை உள்ளூரிலேயே வைக்க வேண்டும், அது இல்லாத பொருளை வாங்கக் கூடாது. அதே ஆவணம், பெரும்பாலான நிறுவனங்கள் பழையதும் புதியதும் கலந்தே ரொம்ப நாள் ஓடும் என்றும் சொல்கிறது. அதைப் படிக்காமல் விட்டுவிட்டீர்களே சார்?

பழைய_ஃபயர்வால்:
சரி, இதற்குப் பதில் சொல்லுங்கள். யாரையும் நம்பாதே என்கிறீர்கள், ஆனால் எல்லாருடைய லாகினையும் கொண்டுபோய் ஒரே கம்பெனியிடம் கொடுக்கிறீர்கள். 2023-இல் ஆக்டா கம்பெனியில் நடந்தது என்ன? லாகின் பாதுகாப்புதான் அவர்களுடைய தொழிலே. அவர்களின் வாடிக்கையாளர் உதவி மென்பொருளுக்குள் திருடன் நுழைந்து, வாடிக்கையாளர்கள் பழுது பார்க்க அனுப்பிய ஃபைல்களில் இருந்த லாகின் டோக்கன்களை (பாஸ்வேர்ட் இல்லாமலே நுழைய விடும் அடையாளங்களை) எடுத்துக்கொண்டான். காரணம் என்னவென்றால், ஊழியர் ஒருவர் ஆபீஸ் லேப்டாப்பில் தன் சொந்த கூகுள் கணக்கைத் திறந்திருந்தார், அந்த உதவி மென்பொருளின் சர்வீஸ் அக்கவுண்டுக்கான பாஸ்வேர்ட் அதில் சேமிப்பாகிவிட்டது. நம்பிக்கை எங்கேயும் ஒழியவில்லை. ஃபயர்வாலில் இருந்து இடம் மாறி லாகின் சர்வரில் போய் உட்கார்ந்திருக்கிறது.

சாவிக்கொத்து:
உண்மை, இதை மறுக்க மாட்டேன். இதே காரணத்துக்காகத்தான் போனில் வரும் ஓடிபியையும் முழுசாக நம்பக் கூடாது என்கிறேன். 2022-இல் கிளவுட்ஃபிளேர் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர்களுக்குப் போலி லாகின் பக்கம் எஸ்எம்எஸ்ஸில் வந்தது. மூன்று பேர் ஏமாந்து பாஸ்வேர்டைத் தட்டினார்கள். ஆனாலும் திருடனால் நுழைய முடியவில்லை. உள்ளே போக லேப்டாப்பில் செருகும் யூஎஸ்பி கீ வேண்டும், அந்தக் கீ போலிப் பக்கத்துக்குப் பதிலே சொல்லாது. அதே வகையில் தாக்கப்பட்ட டுவிலியோ என்ற எஸ்எம்எஸ் சேவை நிறுவனம் தப்பவில்லை.

பழைய_ஃபயர்வால்:
அது வாங்க வேண்டிய பொருள்தான், நானும் ஒப்புக்கொள்கிறேன். விற்பனையாளரின் பட்டியலில் அது இருக்கிறதா தம்பி?

கோவை_அட்மின்:
இல்லை. ஆளுக்கு மாதாமாதம் சந்தா, ஒரு டேஷ்போர்ட், இரண்டு நாள் பயிற்சி. அவ்வளவுதான்.

பழைய_ஃபயர்வால்:
நினைத்தேன்.

சாவிக்கொத்து:
பொருளைத் தள்ளிப் போடுங்கள், முறையைத் தள்ளிப் போடாதீர்கள். விலான் பிரிப்பதும் அண்ணா சொன்ன கணக்கு நீக்கமும் இந்த மாதமே நடக்கட்டும். கீ முதலில் உங்கள் இருவருக்கும், பிறகு பணம் அனுப்பும் உரிமை உள்ளவர்களுக்கும். விபிஎன்னை மூடி, ஆளுக்கு எந்தச் சர்வர் என்று பிரிப்பது அடுத்த வருடக் கதை.

பழைய_ஃபயர்வால்:
அடுத்த வருடமும் விபிஎன்னை மூட வேண்டாம் என்பேன். 240 பேர் கம்பெனிக்கு அதுவே போதும். அதை அப்டேட் செய்து வைத்தால் சரி.

சாவிக்கொத்து:
2024 ஜனவரி கடைசியில் அமெரிக்க அரசு அலுவலகங்கள் இவான்டி என்ற கம்பெனியின் விபிஎன் பெட்டிகளை 48 மணி நேரத்துக்குள் பிடுங்கிப் போட வேண்டியிருந்தது. ஓட்டையை மூடும் அப்டேட் வருவதற்குள் திருடர்கள் உள்ளே வந்துவிட்டார்கள் அண்ணா.

நைட்_ஷிப்ட்:
இரண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். விதிவிலக்கு. எங்கள் இடத்தில் எல்லாருக்கும் ஓடிபி, மேலே இருக்கும் நாலு பேருக்கு மட்டும் தொந்தரவு வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். அந்த நாலு பேரால்தான் எல்லா ஃபோல்டரையும் திறக்க முடியும்.

கோவை_அட்மின்:
விபிஎன் பயனர் பட்டியலை இப்போதுதான் எடுத்தேன். வேலையை விட்டுப் போன ஒன்பது பேர் அப்படியே இருக்கிறார்கள், அவர்களை இன்றே நீக்குகிறேன். முதல் வரியில் முதலாளி. பாஸ்வேர்ட் காலாவதி ஆகாது, இரண்டாம் கட்டம் கிடையாது என்று நானே டிக் போட்டிருக்கிறேன், 2019-இல். திங்கட்கிழமை அவரிடம் இதை எப்படி ஆரம்பிப்பது என்று யாராவது சொல்லுங்கள்.